பேரைச் சொல்லுங்க, பிடுங்குதேன்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் சோற்றை வாயில் வைத்த உடனே நறநறவென்று மணல் கடிபடும். குடத்தை எத்தனை மூடி போட்டு மூடினாலும் அடியில் மண் தங்கும். தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டி, ஒரே மதிலுக்குள் பல குடித்தனங்கள் இருந்த ஒரு ‘வளவில்’ வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் பலசரக்குக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. எங்களுக்குக் கிழக்கே அவருடைய சொந்த வீடு, பின்னால் அவருடைய காலி மனை. மேற்கேயிருந்து அடிக்கிற மேல்காற்று எங்கள் முற்றத்து மண்ணை அள்ளி முதலில் எங்களுக்கும், மிச்சத்தை அவர்களுக்கும் பரிமாறும்.

அம்மா தாமிரவருணிக் கரையில் வயல்காட்டு ஊரில் பிறந்தவள். குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கிற மண்ணிலிருந்து வந்தவளுக்குப் பூ இல்லாத வாசல் வாசலாகவே படவில்லை. பிச்சி வைத்தாள், கனகாம்பரம் வைத்தாள். எல்லாம் உப்புத் தண்ணீரில் கருகிப் போயின. ‘உப்பு மண்ணுல உப்புதான் விளையும்’ என்று வளவே சிரித்தது. அம்மாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனோம். நாங்களெல்லாம் கடலைப் பார்க்க, அம்மா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மணல்மேட்டில் படர்ந்து கிடந்த ஒரு கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த இலை, புனல் மாதிரி ஊதாப் பூ. இத்தனை உப்பில் இது சிரிக்கிறதே என்று சொல்லிக்கொண்டே கணுக்கணுவாகக் கிள்ளி, ஈரத் துண்டில் சுற்றி டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அதன் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது. அடுத்த ஆனிக்குள் முற்றத்தில் மண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை, விடிந்தால் ஊதாவாய்ப் பூத்துக் கிடக்கும். அந்த வருசம்தான் நாங்கள் மணல் கடிபடாமல் சாப்பிட்டோம்.

அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. காட்டுக்கொடி, பாம்பு அடையும், கண்ட களையையும் வளர்த்து வீட்டைப் பாழாக்காதே, பிடுங்காவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள் என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று அப்பா உள்ளேயிருந்து முனகினார். அம்மா அசையவில்லை.

“களைன்னா எந்தக் களை? பேரைச் சொல்லுங்க அண்ணாச்சி, அன்னைக்கே பிடுங்குதேன். பேரு தெரியாததைப் பிடுங்க எனக்குக் கை வராது.”

அண்ணாச்சி ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போய்த் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, சாமான் வாங்க வருகிறவர்களையெல்லாம் விசாரித்தார். மந்தாரை என்றார் ஒருவர். மந்தாரை மரமாயிற்றே, தரையிலா ஓடும் என்று பக்கத்தில் நின்றவர் மடக்கினார். இலை வாட வாடப் புது இலை கிள்ள வருவார். பேர் கிடைக்காமல் அவர் இப்படி வரும்போதெல்லாம் எனக்குக் கொண்டாட்டம். கடைசியில் கடற்கரை ஊரான கீழவைப்பாரிலிருந்து சாமான் வாங்க வந்த ஒருவர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி நேரே எங்கள் வாசலுக்கு வந்து, “அடப்பங்கொடி. போதுமா?” என்றார்.

அம்மா சேலையை எடுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “சொல்லிட்டேம்லா, சொன்னது சொன்னதுதான்” என்று கையை உதறிவிட்டு, ஒரு வேர் விடாமல் பிடுங்கி, வளவுக் குப்பையெல்லாம் போகிற அண்ணாச்சியின் காலி மனையில் மதிலுக்கு மேலாக வீசினாள். அன்றைக்கு அண்ணாச்சியை நான் சபித்த சாபத்தை இங்கே எழுத முடியாது.

புரட்டாசிக் கடைசி அது. ஐப்பசி மழை விழுந்ததும் வீசிய கொடி கிடந்த இடத்திலேயே வேர் விட்டு, தை மாதத்தில் அண்ணாச்சியின் மனை முழுக்க ஊதாப் பூ. ஆனிக் காற்று வந்தபோது அந்த மனையில் ஒரு பொட்டு மண் கிளம்பவில்லை. எங்கள் மொட்டை முற்றம் மட்டும் எழுந்துபோய் அவர் வீட்டு உலையில் விழுந்தது. அண்ணாச்சியின் வீட்டம்மா வந்து, கொடியைத் திரும்ப வைக்கச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சினாள். அண்ணாச்சி வந்து சொல்லட்டும் என்றாள் அம்மா. வந்தார். தெருவைப் பார்த்துக்கொண்டு, “வையம்மா” என்றார்.

இன்று அந்த வளவு இருந்த இடத்தில் கடைகள். அம்மா கொடி கிள்ளிய மணல்மேடு ஏதோ ஒரு கம்பெனியின் மதிலுக்கு உள்ளே போய்விட்டது. எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. அம்மாவும் இல்லை. இதே ஊரில் ஒரு புது காலனியில், என் வீட்டு முன்னால் அடப்பங்கொடிதான் படர்ந்திருக்கிறது. போன வாரம் காலனிச் சங்கத்துச் செயலாளர் வந்தார். எல்லார் வாசலிலும் ஒரே மாதிரிப் புல் இருக்கவேண்டுமாம். செல்போனைக் கொடிக்கு நேரே நீட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் அது பேரைச் சொல்லிவிட்டது. கடலோரக் களையாம், பிடுங்கிவிடுங்கள் என்றார்.

பேரைச் சொன்னால் பிடுங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தது என் அம்மா. நான் யாருக்கும் அப்படி ஒரு வாக்குக் கொடுக்கவில்லை.