நான்காம் பக்கத்து விலாசம்

கையேடு எழுதுவது நன்றி கெட்ட வேலை. இலவச மென்பொருளுக்கு இலவசமாக எழுதுவது அதிலும் மோசம். கையேடு எழுதிக் கெட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். மிச்ச நேரத்தில், மண்சரிவு ஆபத்தைப் போனில் சொல்லும் ஒரு திறந்த மூல மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதினேன். வீடு இருக்கும் இடத்தை ஒருமுறை பதிந்துவிட வேண்டும். மழையைக் கணக்கிட்டு, அந்த இடத்துக்கு ஆபத்தென்றால் சிவப்பு காட்டும், இல்லையென்றால் பச்சை.

சரிபார்த்தவர்

ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்த பிறகே சேர்க்க வேண்டும் என்பது அங்கே விதி. மென்பொருளின் பொறுப்பாளர் வெளிநாட்டில் இருக்கிறார், தமிழ் வாசிக்க அவரிடம் ஆளில்லை. நான் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியதைப் பத்து நிமிடத்தில் சேர்த்துவிட்டார். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் எழுதிய பதில் இது: "எனக்கு மொழி தெரியாது. ஆனால் பார்க்க நேர்த்தியாக இருக்கிறது."

பிரதி எடுத்த இடம்

பொகவந்தலாவை பஜாரில் போட்டோகாப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனிடம், நானா என்றுதான் கூப்பிடுவோம், கையேட்டைக் கொடுத்தேன். தேயிலைத் தோட்டத்துக்கா என்று கேட்டுவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். வரைபடத்தில் வீட்டைத் தொட்டுக் குறிக்கும் முறை மட்டும் இன்னும் ஆங்கிலத்திலேயே இருந்தது. அது நீளமான பக்கம், எனக்குச் சோம்பல். விலாசத்தை எழுதினாலே மென்பொருள் இடத்தைக் கண்டுபிடித்துவிடும், அது போதுமென்று விட்டிருந்தேன். நானா அந்தப் பக்கத்தைத் தனியே எடுத்து நீட்டினார். "தங்கச்சி, இதையும் தமிழ்ல போட்டுட்டு வாங்க, நான் அடிச்சுத் தாறேன்." நான் போடவில்லை.

கட்டாயக் கட்டம்

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கையேட்டின் நான்காம் பக்கம் வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். விலாசக் கட்டத்தை நிரப்ப வேண்டும், அல்லது வரைபடத்தில் இடத்தைத் தொட்டுக் குறிக்க வேண்டும், இரண்டும் இல்லாமல் மென்பொருள் அடுத்த பக்கம் போகாது. கொழுந்தெடுக்கும் செல்வராணி அக்காதான் கேட்டாள், லயத்துக்கு நம்பரும் இல்லை, தெருவும் இல்லை, எதை எழுதுவது என்று.

நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில் பிறந்தவள்தான். பரீட்சை முடிவிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எங்களுக்கு எல்லாம் தோட்ட ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வரும். அதனால் யோசிக்கவே இல்லை. ஆபீஸ் விலாசத்தைப் போடுங்கள் என்றேன். அன்றைக்கே அதைக் கையேட்டில் உதாரணமாகவும் எழுதிவைத்தேன். ஆபீஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தார் ரோட்டோரம், சமதரையில் இருக்கிறது. லயம் இந்தப் பக்கம், மலைச்சரிவின் கீழே. செல்வராணி அக்கா எழுதி முடித்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப இன்னையிலருந்து நாங்க எல்லாரும் ஆபீஸ்லதான் குடியிருக்கோம்."

மழை

மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதைப் பார்த்துப் பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். செல்வராணி அக்காவும் போனாள். மத்தியானம் உடுப்பு எடுக்கத் திரும்பி வந்தவள், வாசலில் நின்று போனைப் பார்த்திருக்கிறாள். போன் ஆபீஸுக்கு ஆபத்தில்லை என்று சொன்னது. அந்த லயத்தின் கடைசி மூன்று காம்பரா வீடுகள் இப்போது இல்லை. அவளை மறுநாள்தான் எடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவள் புருஷன் முருகையா அண்ணனைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். "போன் பச்சதான் காட்டுச்சு டீச்சர். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி பாத்துட்டுத்தான் உள்ள போனா."

திருத்தம்

அந்த வாரமே நான்காம் பக்கத்தை மாற்றினேன். லயத்தில் இருப்பவர்கள் ஆபீஸ் விலாசத்தைப் போடவே கூடாது, வாசலில் நின்று வரைபடத்தில் தங்கள் கூரையைத் தொட வேண்டும் என்று எழுதினேன். விட்டுவைத்த பக்கத்தையும் தமிழில் போட்டேன். அது ஒரு மணி நேர வேலைதான். திருத்தியதற்குக் காரணம் கேட்கும் கட்டத்தில் செல்வராணி அக்காவின் பெயரை எழுதி, அழித்துவிட்டு, "உதாரணம் தவறு" என்று மட்டும் எழுதினேன். பொறுப்பாளர் உடனே பதில் போட்டார். "சிறிய திருத்தம்தான், சேர்த்துவிட்டேன். நன்றி."

திறந்த மூலத்தில் எந்தப் பிழையையும் யாரும் எப்போதும் திருத்தலாம் என்பார்கள். நானும் திருத்திவிட்டேன், பக்கத்தை மட்டும்.