காளியாயிக்குக் கூடிப்போன நான்கு வருடங்கள்

மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்தில் காளியாயி கொழுந்து பறித்தாள். அவளுடைய வயது இரண்டு விதமாக இருந்தது. தோட்டத்து ஆட்களின் பேரேடான செக்ரோலில் ஒன்று, உண்மையில் ஒன்று. செக்ரோல் வயது எப்போதும் நான்கு வருடம் முந்திக்கொண்டு ஓடியது. கல்யாணப் பேச்சு எடுத்தபோது, பெண்ணுக்கு இருபத்தொன்று என்கிறார்களே, மாப்பிள்ளைக்கு இருபதுதானே என்று செல்லசாமி வீட்டார் இழுத்தார்கள். அப்போது அவளுக்குப் பதினேழு. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எந்தப் பேச்சில் தோற்றாலும், மூத்தவங்க சொன்னா சரிதான் என்று செல்லசாமி கேலி பண்ணிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அந்த நான்கு வருடம் கூடிப்போனது 1948இல். இலங்கைக்குச் சுதந்திரம் வந்துவிட்டதென்று தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு டொபி மிட்டாய் கொடுத்த மாசம் அது. காளியாயிக்கு ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. மலையில் நின்ற அம்மா வேலாயிக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, ஈரத் தேயிலைக்குள் புகுந்து குறுக்கே வந்தவள், பாவாடையில் ரத்தத்தைப் பார்த்தாள். அட்டை கடித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். தோட்டத்துப் பிள்ளைக்கு வேறென்ன நினைக்கத் தோன்றும்? கல்லில் உட்கார்ந்து இரண்டு காலையும் விரல் விரலாகத் தேடினாள். அட்டை கிடைக்கவில்லை. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்டு வாங்கி, கடியே இல்லாத காலில் பூசிக்கொண்டாள். மறுநாளும் நிற்கவில்லை என்றதும், அட்டை உடம்புக்குள்ளேயே போய்விட்டது, இனி பிழைக்கமாட்டோம் என்று முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வேலாயி கண்டுபிடித்தாள். "எங்க வழியில அப்படித்தான். எனக்கும் ஒம்பதுலதான், எங்க சின்னாத்தாவுக்கும் ஒம்பதுலதான்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. லயத்துப் பெண்களுக்கு அது போதவில்லை. கருப்பட்டி தின்றது கூடிப்போச்சு என்றாள் ஒருத்தி, கண் பட்டுவிட்டது என்றாள் இன்னொருத்தி. மானாப்புல் வெட்டி லயத்து மூலையில் ஒரு குடிசை கட்டி அவளை உட்கார வைத்தார்கள். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றினார்கள்.

அடுத்த வாரம் அண்ணன் ஆண்டியப்பன் வேலைக்குப் பேர் பதிய அவளைக் கணக்கப்பிள்ளையிடம் கூட்டிக்கொண்டு போனான். அப்பா இல்லாத வீட்டில் பத்தொன்பது வயது அண்ணன்தான் ஆம்பிளை. பிறந்த சீட்டு என்று எதுவும் கிடையாது. கணக்கப்பிள்ளை தலையை நிமிர்த்தாமலே, பெரிய பிள்ளை ஆகிவிட்டாளா என்று கேட்டார். ஆகிவிட்டாள் என்றான் ஆண்டியப்பன். அப்படியானால் பதின்மூன்று என்று அவர் எழுதிக்கொண்டார். ஆண்டியப்பன் பொய் சொல்லவில்லை. சங்கு ஊதினால் வேலை விடுகிற நேரம் என்பதைப்போல, பெண் பெரியவளானால் பதின்மூன்று என்பது லயத்துக் கணக்கு. அந்தக் கணக்குக்கு முன்னால் பெற்றவளின் நினைப்பும் எடுபடவில்லை, பிள்ளையின் முகமும் எடுபடவில்லை. மறுநாள் விடிய, ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் காளியாயி நின்றாள். கூடைக் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுச் சுருக்கியும் கூடை முழங்காலுக்குக் கீழே இடித்தது.

காணாமல் போன அந்த நான்கு வருடங்கள் எங்கே போயிருக்கும் என்று அவள் யோசிக்க ஆரம்பித்தது அந்த மலையில்தான். பனி இறங்கிவிட்டால் அடுத்த நிரையில் நிற்கிற ஆளின் தலைகூடத் தெரியாது. கைகள் தன்பாட்டில் கிள்ளும், கூடை தன்பாட்டில் நிறையும். அந்த நேரம் பார்த்து அவள் மெதுவாக அந்த வருடங்களுக்குள் நடந்து போய்விடுவாள். அங்கே அவளுக்குப் பத்து வயது, நாலாம் வகுப்பு, புத்தகத்துக்குப் பழுப்புத் தாள் அட்டை போட்டிருக்கிறாள். ஏழெட்டு எவ்வளவு என்று வாத்தியார் கேட்கிறார், அவள் கையைத் தூக்குகிறாள். அங்கே பனி வெளிச்சமாக இருக்கும், சிலேட்டை எச்சில் தொட்டு அழித்த வாசனை வரும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு வகுப்பாக ஏறி, தோட்டத்தில் இல்லவே இல்லாத எட்டாம் வகுப்புவரை அவள் போய்விட்டாள். கங்காணி சத்தம் போட்டால் திரும்பி வருவாள். யாருக்கும் தெரியாத அந்தச் சந்தோஷம் அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

1956இல் பூரணி பிறந்தாள். முதல் காரியமாகப் பிறந்த சீட்டை எடுத்து பிஸ்கட் டின்னுக்குள் வைத்தாள் காளியாயி. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் மனம் திக்கென்றது. எங்க வழியில அப்படித்தான் என்று வேலாயி சொன்னது இவளையும் பிடித்துக்கொள்ளுமே. பூரணிக்கு ஆறு வயதானபோது தோட்டத்து டிஸ்பென்சர் கணேசமூர்த்தியிடம் போய், இதைத் தள்ளிப்போட மருந்து இருக்கிறதா என்று கேட்டாள். அவர் அவளுடைய அம்மாவைப் பற்றியும் அம்மாவின் சின்னம்மாவைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டார். உயரமும் இளநரையும் குடும்பத்தில் இறங்குகிற மாதிரி இதுவும் இறங்கும், தாய் வழியிலும் வரும், தகப்பன் வழியிலும் வரும், எல்லாருக்கும் வந்தாக வேண்டும் என்றும் இல்லை என்றார். இது வியாதியும் இல்லை, பாவமும் இல்லை, தன் அலமாரியில் மருந்தும் இல்லை என்றார்.

மருந்து இல்லையென்றால் சொல்லியாவது வைக்கலாமே. பூரணிக்கு எட்டு முடிந்ததும் காளியாயி அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அட்டையைத் தேடிச் சுண்ணாம்பு பூசிய கதையைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். 1965 ஐப்பசியில், ஒன்பதரை வயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பூரணி பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, நீ சொன்னது வந்திருச்சு" என்றாள். பயமில்லாத அந்தக் குரலைக் கேட்டுக் காளியாயிக்குத்தான் அழுகை வந்தது.

தாய்மாமன் இல்லாமல் சடங்கு ஏது? சொல்லி அனுப்பியதும் ஆண்டியப்பன் தான் வேலைக்குப் போயிருந்த பூண்டுலோயாவிலிருந்து சேலையும் வளையலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். மானாப்புல்லை வெட்டிப் போட்டுக் குடிசை கட்டிக்கொண்டே, சடங்கு முடிந்த கையோடு கணக்கப்பிள்ளையைப் பார்த்துப் பேர் பதிந்துவிடுவோம் என்றான். பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றும் கேட்டான். மச்சானை எதிர்த்துப் பேசத் தெரியாமல் செல்லசாமி தரையைப் பார்த்தான். புல்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காளியாயியின் கை நின்றது.

"அண்ணே, எனக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

"நீங்க பேர் பதிஞ்ச வாரந்தான் நான் பொறந்தேன்னு அம்மா சொல்லும். அப்ப ஒங்களுக்கு எத்தனை வயசு?"

பத்து என்று அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது அவனுக்கு முப்பத்தேழு. விரல் விட்டு எண்ணினான். இருபத்தேழுதான் வந்தது. நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினான். பிறகு அவளைக் கணக்கப்பிள்ளையிடம் கூட்டிப்போன வருடம்வரை பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனவன், ஒன்பதில் வந்து நின்றுவிட்டான்.

குடிசையைக் கட்டி முடித்தான். பதினாறாம் நாள் சேலையும் வளையலும் தட்டில் வைத்துச் சடங்கை நிறைவாகச் செய்தான். பேர் பதிகிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை பூரணி பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது ஆண்டியப்பனும் கூடவே நடந்தான். லயத்து வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள். பெரிய பிள்ளையாகிவிட்டாளே என்று வாத்தியாரும் இழுத்தார். "ஒம்பது வயசுதாங்க, படிக்கிற வயசு" என்று ஆண்டியப்பன் பிறந்த சீட்டை மேசையில் வைத்தான். வாத்தியார் அதை வாசித்துவிட்டு, போய் உட்காரு என்று பூரணியிடம் சொன்னார்.

காளியாயி அண்ணனைப் பஸ் ஏற்றிவிடப் போனாள். இரண்டு மைலும் இறங்கி ரோட்டில் நின்றபோதுதான் கேட்டான்.

"அன்னிக்கு அந்தாளு பதிமூணுன்னு எழுதுறப்போ நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல தங்கச்சி?"

"எனக்கு ஒம்பது வயசுண்ணே."

பஸ் வந்து நின்றது. ஆண்டியப்பன் ஏறவில்லை.