காம்பு அளக்கும் மேஜை

"டாக்டர் கேக்கற கேள்வியே தப்புன்னு சொல்லப் போறியா? பன்னெண்டாவதுக்கு மேல நாலு வருசம் படிச்சா டாக்டருக்கே பாடம் எடுப்பியா, பாப்பா?"

கிருஷ்ணகிரியில், மனநல மருத்துவரின் அறைக்கு வெளியே இருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து பெரியப்பா இதைக் கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா பெரியப்பா, சொல்லத்தான் போறேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அன்று நான் சொல்ல வந்த தப்பில் என் பங்கும் இருந்தது.

அம்மா ஓசூர் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையின் கிரேடிங் ஹாலில் பதினோரு வருடமாக வேலை செய்தவள். வெட்டி வந்த ரோஜாவைக் கோடு போட்ட மேஜையில் படுக்க வைத்து, காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டுவது வேலை. மூன்று மாதத்துக்கு முன்பு அவள் கை மேஜையின் மேலேயே நின்றுபோக ஆரம்பித்தது. பூவைப் பிடித்தபடி காரணம் தெரியாமல் அழுதாள். "டாக்டர்கிட்ட ஃபிட்டுன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க அக்கா" என்று சொல்லி சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அந்த மேஜைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அம்மா கேட்டது.

மருத்துவர் மனச்சோர்வு என்றார், மாத்திரை கொடுத்தார். இரண்டாவது முறை போனபோது, "மனசு எப்படி இருக்கு, பத்துக்கு எத்தனைன்னு சொல்லச் சொல்லுங்க" என்றார். நான் அம்மாவிடம், "பத்துக்கு எத்தனை மார்க் போடுவம்மா?" என்று கேட்டேன்.

"ஒம்போது."

மருத்துவர் சந்தோஷப்பட்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த வாரம் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் குளிக்க வைக்கும்போது கேட்டேன், ஏன் ஒன்பது சொன்னாய் என்று.

"கம்மியாச் சொன்னா பெயிலாக்கிடுவாங்க. அப்புறம் லெட்டர் எப்படித் தருவாங்க?"

என் ரேங்க் கார்டில் பன்னிரண்டு வருடம் கைநாட்டு வைத்தவள் அவள். எழுத்தைப் படிக்கத் தெரியாது. எண் பெரியதாக இருந்தால் மகளுக்கு நல்லது என்று மட்டும் தெரியும். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான். அந்த அறையில் அவளைப் பரீட்சை எழுத வைத்ததும் நான்தான்.

அதனால்தான் மூன்றாவது முறை, பெஞ்சில் பெரியப்பா செய்த கேலிக்குப் பிறகும், அதைச் சொல்ல உள்ளே போனேன். எங்கள் குடும்பத்தில் எந்த ஆபீசுக்குப் போனாலும் அவர்தான் பேசுவார். "நல்லா இருக்காங்க மேடம், கொஞ்சம் பிடிவாதம்தான்" என்று அன்றும் அவரே தொடங்கினார்.

"நல்லா இல்ல மேடம். அவங்க சொன்ன ஒம்போது பொய். பரீட்சைன்னு நெனச்சுட்டாங்க. அப்படிக் கேட்டது நான்தான்" என்றேன்.

மருத்துவர் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"உங்க வேலையில நல்ல பூவை எப்படிம்மா பிரிப்பீங்க?"

அம்மா முதல்முறையாக நிமிர்ந்தாள். மருத்துவரின் மேஜை மேல் கையை வைத்துக் கோடு கோடாகக் காட்டினாள். "இது எழுவது சென்டிமீட்டர். இது அறுவது, அம்பது, நாப்பது. அதுக்கும் கீழன்னா வெளிநாட்டுக்குப் போகாது."

"இன்னிக்கு நீங்க எத்தனை?"

அம்மா விரலைக் கடைசிக் கோட்டுக்கும் கீழே நகர்த்தினாள். "முப்பது இருக்கும் மேடம். போன வாரம் காம்பே இல்ல."

"ஏம்மா, நீ என்ன பூவா?" என்று பெரியப்பா சிரித்தார்.

"நீங்க சும்மா இருங்க மாமா."

கணவனின் அண்ணனிடம் அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல இருந்தது. எதனால் காம்பு குட்டையாகிறது என்று மருத்துவர் கேட்டதும், "மேடம், அவங்களுக்கு..." என்று நானே தொடங்கினேன். அம்மா என் முழங்காலைத் தட்டினாள்.

"நீயும் சும்மா இரு பாப்பா. நான் சொல்றேன்."

சொன்னாள். காலையில் மாத்திரை போட்டால் கை தொளதொளவென்று ஆகிவிடுகிறது. வீட்டில் கத்தியைப் பிடித்துப் பார்த்தாள், பிடி நிற்கவில்லை. இந்தக் கையோடு காம்பில் இருக்கும் முள்ளை எப்படிச் சீவி எடுப்பது என்று பயந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மாத்திரை போட்டிருக்கிறாள்.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்."

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, இனிமே கேக்கறேன்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு எங்களிடம், நாங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லச் சொன்னார். என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. பெரியப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவ டீயைக் குடிக்காம நாய்க்கு ஊத்தறா மேடம். மூணு மாசமாப் பாக்கறேன்" என்றார். ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது தெரியாது. மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார் என்று அவர்மேல் ஆத்திரமும் வந்தது, நான் கவனிக்காததைக் கவனித்திருக்கிறார் என்று மரியாதையும் வந்தது.

மாத்திரை பழைய அளவுக்குப் போனது, காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாறியது. எப்போது போட வேண்டும் என்பதை அம்மாவும் மருத்துவரும் பேசி முடிவு செய்தார்கள். வாராவாரம் போனோம். நாப்பது என்றாள். ஒருமுறை முப்பத்தஞ்சு என்றாள், வெட்கப்படாமல். போன புதன்கிழமை, "அறுவது. எழுவதுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல மருத்துவர் கடிதம் எழுதினார். நான்கு வாரம் அரை நாள் வேலை. கட்டிய பூவை வைக்கும் குளிர் அறையில் வேலை வேண்டாம். புதன்கிழமை மருத்துவமனைக்கு விட வேண்டும். பண்ணையில் அதைப் படித்துவிட்டு சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஃபிட்டுன்னா ஃபிட்டு, இல்லன்னா இல்ல. பாதி ஃபிட்டுன்னு எங்கயாச்சும் உண்டா அக்கா?"

"அறுவது சென்டிமீட்டர் பூவைக் குப்பையிலயா போடறே? கட்டி அனுப்பறேல்ல?" என்றாள் அம்மா.

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மேனேஜரைக் கேட்டுத்தான் சொல்வேன் என்றாள். "நான் அப்பவே சொன்னேன்ல, ஒரு வரியில ஃபிட்டுன்னு வாங்கியிருக்கணும்" என்றார் பெரியப்பா, வீட்டுக்கு வந்ததும்.

ஒரு வரியில் அடங்குகிறவள் இல்லை என் அம்மா. கடிதத்தின் நகலில், பெற்றுக்கொண்டதாக சூப்பர்வைசரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். மருத்துவர் மேனேஜரிடம் போனில் பேசச் சம்மதித்திருக்கிறார். என்ன பேச வேண்டும் என்பதை அம்மா அவரிடம் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பண்ணை வேன் வரும். சூளகிரியில் நான் வேலை செய்யும் கம்பெனியில், காலையில் அம்மாவோடு இருப்பதற்காக, அந்த வாரம் முழுக்க எனக்கு மதியம் தொடங்கும் இரண்டாவது ஷிஃப்ட் கேட்டு நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.