ஏ.எல். என் இனிஷியல் இல்லை அண்ணே

விசாவே வேண்டாம் என்று சொல்லும் ஊர், கிளம்பும் முன் அனுமதி மட்டும் வாங்கு என்றால் உங்களுக்குச் சிரிப்பு வராதா? மலேசியப் பாஸ்போர்ட்காரனான எனக்கு ஐரோப்பா போக விசா தேவையில்லை. ஆனால் புது விதிப்படி, ஆன்லைனில் அனுமதி வாங்காதவனை விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. நாளை சென்னையிலிருந்து பாரிஸ். அங்கே அக்காவுக்குக் கல்யாணம், முகூர்த்தப் புடவை கொண்டுபோவது நான்!

காஞ்சிபுரத்தில் அந்தப் புடவையை வாங்கிய கடையிலேயே, பாயில் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன். கடைக்கார பாபு அண்ணன் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து வாசிக்கிறார்.

"கதிரவன்... அப்பால ஏ.எல்.னு இருக்குது. இனிஷியலாபா? அத்த முன்னாடி போடு."

"ஐயோ அண்ணே, அது இனிஷியல் இல்ல. மலாய்ல 'மகன்'னு அர்த்தம். முத்தையா மகன் கதிரவன்."

"நாங்கல்லாம் அப்பா பேர ஒரே எழுத்துல முடிச்சிருவோம். நீ இன்னாபா, உறவுமுறையோட இழுத்துக்கினு வர்ற?"

கடையே சிரிக்கிறது. எனக்குத்தான் பகீர் என்கிறது. அவர் சொன்ன வேகத்தில் நிஜமாகவே 'ஏ.எல். கதிரவன்' என்று தட்டியிருக்கிறேன்! பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இல்லாவிட்டால் அவ்வளவுதான். அழித்து, திருத்தி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறேன்.

போன் அதிர்கிறது.

"வந்துச்சாபா?" பாபு அண்ணன் எழுந்தே விடுகிறார்.

திறந்து பார்க்கிறேன். அனுமதி கிடைத்துவிட்டது.