கண்டக்டர் நேசையாவின் மூன்றாவது சோதனை

கண்ணை அலையவிடுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், பார்வைப் பரப்பைச் சோதிக்கும் கம்ப்யூட்டர் மெஷினோடு பதினான்கு வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். தாடையை மெஷினில் வைத்து, நடுவிலுள்ள மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதுகூட முடியவில்லை கண்டக்டர் நேசையாவுக்கு.

ஐம்பத்திரண்டு வயது. தனியார் பஸ்ஸில் முப்பது வருஷ சர்வீஸ். உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டார். கடிகாரத்தைப் பார்ப்பார், வாசலைப் பார்ப்பார், மறுபடி கடிகாரம்.

“சீக்கிரம் முடிச்சு விடு தாயி. கண்ணு நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தா ரெண்டு மணி டிரிப்புல ஏறிருவேன்.”

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஆழ்வார்குறிச்சி ஸ்டாப்பில் பாலம்மாள் என்பவள் இவருடைய பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இறங்கி முடிப்பதற்குள் விசில் கொடுத்துவிட்டார் என்றாள் அவள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து அவளாகத்தான் குதித்தாள் என்று இவர் எழுதிக் கொடுத்தார். எல்லாரும் இவரைத்தான் நம்பினார்கள். பெற்ற மகனே அவளை ஏசினானாம். கண் சர்டிபிகேட் வந்தால் விவகாரத்தை மூடிவிடலாம் என்றிருந்தார் முதலாளி. டாக்டரோ, கண் அழுத்தம் கூடியிருக்கிறது என்று என்னிடம் அனுப்பிவிட்டார்.

முதல் தடவை கண் நாலாபக்கமும் ஓடியது. இந்தச் சோதனையை நம்ப முடியாது என்று மெஷின் காட்டியது. இரண்டாவது தடவையும் அதே கதை.

“பொட்டு வெளிச்சத்தைத் தேடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன் அண்ணாச்சி?”

“நான் என்ன செய்ய? முப்பது வருசமா டிக்கெட் எடுக்காதவனத் தேடுன கண்ணு. நில்லுன்னா நிக்குமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் போகவில்லை. “இப்ப நீங்க கண்டக்டர் இல்ல, டிரைவர். ரோட்டை மட்டும் பாருங்க,” என்றேன்.

மூன்றாவது தடவை கண் நின்றது. மேல்பாதியில் வெளிச்சம் வந்தபோதெல்லாம் அமுக்கினார். கீழ்ப்பாதியில் வந்தபோது சும்மா இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். முழித்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த கண்ணிலும் அப்படியே.

மெஷின் அச்சடித்த தாளில் இரண்டு கண்ணுக்கும் கீழ்ப்பாதி கறுப்பாக வந்தது. கண் நரம்பு கெட்டிருக்கிறது, போனது திரும்பாது, சொட்டுமருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஓயாமல் கண்ணை ஓட்டிக்கொண்டே இருந்ததால் குறை இவருக்கே தெரியாமல் போய்விட்டதாம்.

திரும்ப என்னிடம் வந்தவர் அந்தக் கறுப்பில் விரலை வைத்தார்.

“பஸ் படிக்கட்டு இங்கனயா வரும்?”

“நேரா பாத்தா இங்கனதான் அண்ணாச்சி.”

கை சட்டைப்பையிலிருந்து விசிலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது.

“அன்னைக்கும் வாசலப் பாத்தேன் தாயி. ஆள் இல்லன்னுதான் விசில் குடுத்தேன்.”

பிறகு அந்தத் தாளில் இன்னும் இரண்டு பிரதி கேட்டார்.

“யாருக்கு?”

“முதலாளிக்கு ஒண்ணு. ஆழ்வார்குறிச்சிக்கு ஒண்ணு.”

“வேலை போயிருமே அண்ணாச்சி.”

“போவட்டும். அந்த அம்மா குதிக்கல. அவ மவன்ட்ட நான்தான் போய்ச் சொல்லணும்.”