மாஷிமாவின் மீன் பை

சிறுவயதில் நான் செய்த தப்புக்கு அடுத்த வீட்டு வங்காளி அம்மா, நாங்கள் மாஷிமா என்று கூப்பிட்டவர், பழி ஏற்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன மாதம் மகள் கார் ஓட்டும்போது உள்ளே புளித்த நாற்றம். "ஏசிதாம்ப்பா" என்று அதை அணைத்தாள். நாற்றம் போகவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பின்சீட்டுக் கால்மிதியைத் தூக்கினேன். மிஷ்டி தோய், வீட்டுக்கு வாங்கிய இனிப்புத் தயிர், கொட்டிக் காய்ந்திருந்தது.

சிறுவயதில் கல்கத்தா பெஹாலாவில் அப்பாவின் அம்பாசடரிலும் இதே நாற்றம் வந்தது. பள்ளிக்குக் கொடுத்த தயிர்சாதத்தைச் சீட்டுக்கு அடியில் கொட்டியவன் நான். மாஷிமா அந்த வாரம் சந்தையிலிருந்து மீனோடு எங்கள் காரில் வந்திருந்தார். சைவமான எங்கள் வீட்டில் மீன் வாசனை யாருக்கும் சரியாகத் தெரியாது; எந்த நாற்றமும் மீன்தான்.

"மீனைத் தவிர வேறென்ன? இனிமே அவாளை ஏத்தாதேங்கோ" என்றாள் அம்மா. அப்பா அதை மாஷிமாவிடமே சொல்லிவிட்டார். அதன்பிறகு அவர் மழையிலும் நடந்தே சந்தைக்குப் போனார்.

மாஷிமா இப்போது இல்லை. அவர் மகன் தபனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அரே, தயிர்சாதமா! அம்மா கடைசிவரைக்கும் தன் மீன்தான்னு நினைச்சிட்டிருந்தா" என்று சிரித்தான்.

மறுநாள் அவனைக் காரில் சந்தைக்கு அழைத்துப்போனேன். திரும்பும்போது மீன் பையைக் கீழே வைக்கச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பிடித்தபடியே வந்தான்.