துவக்கினவன்

என் வேலையில் ஒரு விதி உண்டு. உடைந்த பாகத்தை மேசையில் வைத்துக்கொண்டு, ஏன் உடைந்தது என்று கேட்போம். வருகிற பதிலுக்கும் ஏன் என்று கேட்போம். இனிக் கேட்க ஒன்றுமில்லை என்ற இடம் வரும்வரை கேட்போம். ஆனால் எந்தக் கட்டத்திலும் ஓர் ஆளைக் காரணமாக எழுதக் கூடாது. 'பொருத்தியவர் கவனமில்லாமல் இருந்தார்' என்று எழுதினால் அறிக்கை திரும்பி வரும். வெளிச்சம் போதுமாக இருந்ததா, திருகாணி சரியான பெட்டியில் இருந்ததா, அவருக்கு யார் பழக்கினார்கள் என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இந்த விதியை வேலைக்கு வெளியேயும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் ஒருவன் சுடப்பட்ட அன்று நான் எர்லாங்கனில், ஒரு வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் நின்றேன். மாலையில் ஹனோவரிலிருந்து அம்மா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, எங்கட ரோட்டில வெடி விழுந்திட்டுது."

டிசம்பர் மாதம். புத்தாண்டுக்கு வாங்கிய வெடிகளைப் பொறுமையில்லாமல் முதலே கொளுத்துகிறவர்கள் எங்கள் பகுதியில் நிறைய.

"அதுக்கேன் பதறுறீங்கள்? சின்னப் பெடியள் கொளுத்துறாங்களாக்கும்."

"அந்த வெடி இல்லையடி," என்றார் அம்மா. "மற்ற வெடி."

அந்த அர்த்தத்தில் அந்தச் சொல்லை இந்த நாட்டில் வைத்து அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கையிலிருந்த அளவுகோலை அதன் உறைக்குள் வைத்தேன். பிறகு எடுத்து மறுபடியும் உறைக்குள் வைத்தேன்.

அம்மா பாலர் பாடசாலை ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். அன்று வேலை முடிந்து வரும் வழியில், வீட்டுக்கு எதிரேயுள்ள கியோஸ்க்கில் பால் வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரரின் மகன் வாசலில் தன் நண்பனோடு நின்றான். மகன் மின்வேலைக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிறவன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பல வகுப்புகள் கீழே படித்தவன். ஒரு கார் வந்து மெதுவாகியது. கடைக்காரரின் மகன் காரைப் பார்த்து ஏதோ கத்தினான். காரிலிருந்து பதில் வந்தது. அவன் இன்னும் மோசமாகக் கத்தினான். பிறகு கார்க் கண்ணாடி இறங்கி, ஒரு கை வெளியே வந்தது. அம்மா சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால் குந்திவிட்டார். எழும்பிப் பார்த்தபோது கார் இல்லை. நண்பன் தொடையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கடைக்காரரின் மகன் தன் சட்டையைக் கழற்றி அந்தத் தொடையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் அன்றிரவே பொலிசில் சொன்னதாக அம்மா மறுநாள் சொன்னார். அவருடைய ஜெர்மன் சமையலறைக்கும் கடைக்கும் போதும், வாக்குமூலத்துக்குப் போதாது. அதனால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நான் வீடு வந்தபோது டிராம் தரிப்பிடக் கண்ணாடியில் ஒரு துளை இருந்தது. அதைச் சுற்றி வெடிப்புகள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அதற்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெதுப்பகம் திறந்திருந்தது, வரிசையும் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கியோஸ்க்கின் இரும்புக்கதவு பாதி இறங்கியிருந்தது. கடைக்காரர் என்னைக் கண்டும் காணாதவர்போல உள்ளே திரும்பிக்கொண்டார். அவருடைய மகனை விசாரணைக் காவலில் வைத்திருக்கிறார்கள் என்று ஏற்கெனவே செய்தியில் படித்திருந்தேன். முதலில் சுட்டவன் அவன்தான், பதிலுக்குத்தான் காரிலிருந்து சுட்டார்கள் என்று அயலவர் ஒருவர் சாட்சி சொன்னதாகவும் இருந்தது. துப்பாக்கியை எங்கேயோ எறிந்துவிட்டான் என்று பொலிஸ் நம்பியது. அம்மா குந்தியிருந்த நேரத்தில் வேறு யாரோ கண்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று வான் மாமாவும் வந்திருந்தார். பொதி விநியோக வான் ஓட்டுகிறவர், அப்பாவின் பழைய நண்பர்.

"நாங்களும்தான் வந்தனாங்கள்," என்று தொடங்கினார். "வந்தம், கோப்பை கழுவினம், வரி கட்டினம். இவங்களைப் போலத் துவக்குத் தூக்கினனாங்களே? எல்லாத்தையும் பிடிச்சு அனுப்பினாச் சரி."

"அவன் இங்க பிறந்தவன் மாமா. எங்க அனுப்புறது?"

"தகப்பன் எங்கயிருந்து வந்தவனோ அங்க."

"அண்ணை," என்றார் அம்மா தேத்தண்ணியை வைத்துக்கொண்டே, "நீங்கள் வந்த புதுசில உங்களைப் பாத்தும் இதைத்தானே சொன்னவங்கள்?"

"அது வேற."

"ஓம், எப்பவும் வேறதான்."

ஆளைக் காரணமாக எழுதக் கூடாது என்ற விதியை நான் மாமாவுக்கு விளக்கினேன். துப்பாக்கி எங்கிருந்து வந்தது, யார் விற்றார்கள், இந்தப் பெடியன்கள் பின்னேரங்களில் ஏன் கடை வாசலில் நிற்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னேன்.

மாமா கடைசிவரை கேட்டார். "உன்ர பக்டரியில திருகாணி ஆளைச் சுடாது பிள்ளை," என்றார்.

அடுத்த வாரம் தேவாலய மண்டபத்தில் மக்கள் கூட்டம் வைத்தார்கள். தேர்தல் நெருங்கியிருந்ததால் மூன்று கட்சிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அம்மா வரமாட்டேன் என்றார். பிறகு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். மாமா எங்களுக்கு முன்வரிசையில் இருந்தார்.

முதலில் பேசிய பெண் இளைஞர் மையத்தைப் பூட்டியதுதான் காரணம் என்றார். அடுத்தவர் பொலிஸ் போதாது, கமரா போதாது என்றார். சத்தத்துக்கு மட்டும் வெடிக்கிற துப்பாக்கிகளை வாங்கி, குழலைத் துளைத்து, உண்மையானதாக்கி விற்கிறார்கள், அதைத் தடுக்க ஆளில்லை என்றார். என் தலைக்குள், காரணங்களை அடுக்க நாங்கள் வேலையில் வரைகிற மீன்முள் படம் தானாக விரிந்தது. இரண்டையும் பக்க முட்களில் எழுதினேன். இரண்டுக்கும் அதில் இடமிருந்தது. ஆனால் அவர்கள் ஒருவர் சொன்னதை மற்றவர் பொய் என்று காட்டுவதிலேயே நேரத்தைச் செலவழித்தார்கள். ஒருவருடைய முள்ளை மற்றவர் பிடுங்கி எறிந்தார்.

மூன்றாமவர் மெல்லிய குரலில் பேசினார். காரணம் ஒன்றுதான், யாரை உள்ளே விட்டோம் என்பது, என்றார். "இதை நான் சொல்லவில்லை. இதே தெருவில் வாழ்கிற ஒரு பெண் சொல்கிறார். தானே இலங்கையிலிருந்து அகதியாக வந்து, உழைத்து வாழ்கிறவர். முதலில் சுட்டது கடைக்காரரின் மகன் என்று பொலிசில் சொன்னவர் அவர்தான். நல்ல வெளிநாட்டவர்களே இவர்களுக்குப் பயப்படுகிறார்கள்."

கைதட்டல் எழுந்தது. மாமாவும் தட்டினார். எங்கள் தெருவில் இலங்கைப் பெண் ஒருவர்தான் இருக்கிறார். அவர் என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"யாரைச் சொல்லுறான்?" என்று கேட்டார்.

"உங்களைத்தான் அம்மா."

"நான் என்ன சொன்னனாம்?"

"அந்தப் பெடியன்தான் முதல்ல சுட்டவன் எண்டு."

"விசரே அவனுக்கு? நான் எங்க அப்பிடிச் சொன்னனான்? அவன்தான் முதல்ல துவக்கினவன் எண்டெல்லோ சொன்னனான். வாய்க்கதையை."

துவக்கினவன். அந்தச் சொல்லை அம்மா சொன்னபடியே ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. துவக்குவது என்றால் தொடங்குவது. எங்களில் யாருக்கும் இதில் குழப்பம் வராது. துவக்கால் சுடுவார்களே தவிர, சுடுவதைத் துவக்குவது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

"மொழிபெயர்த்தவர் எந்த ஊர் அம்மா?"

"இந்தியா ஆள். நல்ல மனுசன், பாவம். தண்ணியெல்லாம் எடுத்துத் தந்தவர்."

கைதட்டல் இன்னும் முழுதாக ஓயவில்லை. அம்மாவுடைய ஒரு வார்த்தைக்காக ஒருவன் சிறையில் இருக்கிறான், அதே வார்த்தைக்காக ஒரு மண்டபம் கைதட்டுகிறது. நான் கையை உயர்த்தினேன். ஒலிவாங்கி வந்தது. அம்மா எழும்பி நின்று தமிழில் சொன்னார்; நான் ஜெர்மனில் சொன்னேன். அந்தப் பெண் தான்தான் என்றும், அவன் சுட்டதாகத் தான் சொல்லவே இல்லை, வாய்ச்சண்டையைத் தொடங்கியதாக மட்டுமே சொன்னதாகவும்.

மூன்றாமவர் தலையைச் சாய்த்து, மிகக் கனிவாக, "இவரை யாரோ மிரட்டியிருக்கலாம் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்," என்றார்.

முதலில் பேசிய பெண் பாய்ந்து ஒலிவாங்கியை எடுத்தார். "பார்த்தீர்களா, தப்பெண்ணத்தால் ஓர் அப்பாவி உள்ளே இருக்கிறான்!"

நான் மொழிபெயர்த்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனொண்டும் அப்பாவி இல்லை. தூசணம் கதைச்சவன். காரில இருந்தவன்ர தாயை இழுத்துக் கதைச்சவன். அதையும் சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. யாரும் கைதட்டவில்லை. அடுத்த கேள்வி கமரா எங்கே பொருத்துவது என்பதைப் பற்றி இருந்தது.

வெளியே மாமா வான் சாவியை உருட்டிக்கொண்டு நின்றார். "நான் தட்டினது உங்களைப் பற்றிய கதையெண்டு தெரியாமல், தங்கச்சி."

"தெரிஞ்சிருந்தா?"

மாமா சாவியைப் பைக்குள் போட்டார். "நாளைக்குப் பொலிசுக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றார். "லீவு போட்டிட்டன் எண்டு நினையுங்கோ."

அடுத்த நாள் காலை வானில், பொதிகளின் நடுவே இருந்துகொண்டு நான் அம்மாவிடம் சொன்னேன். "துவக்கின கதையையே விட்டிடுங்கோ அம்மா. சுட்டது காரில இருந்தவன் எண்டு மட்டும் சொன்னாப் போதும். திரும்ப அந்தச் சொல் எதுக்கு?"

"ஏலாது."

"அவனுக்கு அதுதான் நல்லது."

"அவனுக்கு நல்லதோ கெட்டதோ, கண்டதைத்தானே சொல்லலாம்? துவக்கினவன் அவன். சுட்டவன் வேற ஆள். இதில என்ன கஸ்டம் உங்களுக்கெல்லாம்?"

உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது என்றார் பொலிஸ் அதிகாரி. அதே மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்கள். நடுவயதுக்காரர், கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். அம்மா சொன்னதைக் கேட்டதும் துடைப்பது நின்றது.

"சாரிம்மா," என்றார். "ரொம்ப சாரி. முன்னாடி ஒரு கேஸ்ல உங்க ஊர்க்காரர் துவக்குன்னு சொன்னப்ப நான் ஸ்டார்ட்னு சொல்லிட்டேன். பெரிய ப்ராப்ளம் ஆயிடுச்சு. அதுல இருந்து யாழ்ப்பாணத்துக்காரங்க அந்த வார்த்தையைச் சொன்னாலே அது துப்பாக்கின்னு மனசுல ஏறிடுச்சு. அப்ப நீங்க, சுட்டான்னு சொல்லணும்னா எப்படிச் சொல்வீங்க?"

"சுட்டான் எண்டுதான். வேற எப்பிடி?"

அவர் அதிகாரியிடம் திரும்பி, தவறு தன்னுடையது என்று நேராகச் சொன்னார். அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். பிறகு அம்மாவைப் பார்த்து, அப்படியானால் அவன் என்னதான் செய்தான், ஒரே வசனத்தில், என்று கேட்டார்.

அம்மா மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கவில்லை. தன் சமையலறை ஜெர்மனில் சொன்னார். முதலில் வாயைத் தொட்டுக் காட்டி, "இதால் தொடங்கினான்." பிறகு கையை விரித்துக் காட்டி, "இதால் இல்லை."

கிறிஸ்துமசுக்கு முன்னரே அவனை விட்டுவிட்டார்கள். அம்மாவின் திருத்தம் மட்டும்தான் காரணமா, வேறு ஏதும் கிடைத்ததா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதே நாட்களில் மூன்றாமவரின் துண்டுப்பிரசுரம் எங்கள் தபால்பெட்டிக்கு வந்தது. முதலில் சுட்டவன், அகதிப் பெண்ணின் சாட்சி, எல்லாம் அப்படியே இருந்தன. தெரியாமல் அச்சடித்திருக்க முடியாது. அந்த மனிதர் மண்டபத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தவர். படிக்கட்டில் நின்றபடியே அதை இரண்டு முறை படித்தேன். பிறகு மற்றப் பெட்டிகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதன் நுனி தெரிந்தது.

அன்றைக்கே அம்மா பால் வாங்க வேண்டும் என்றார். நானும் போனேன். இரும்புக்கதவு முழுதாக உயர்ந்திருந்தது. அவன்தான் நின்றான். மெலிந்திருந்தான். திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொல்லி மின்வேலை பழக்குகிற மாஸ்டர் அழைத்திருக்கிறார் என்றான், நாங்கள் கேட்காமலே.

பிறகு அம்மாவைப் பார்த்து, "நான் சுட்டேன் என்று நீங்கள்தான் சொன்னீர்களாம்," என்றான்.

"இல்லை," என்றார் அம்மா, தன் ஜெர்மனில். "நீ தொடங்கினாய் என்று சொன்னேன்."

அவன் மறுக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வாசலைப் பார்த்தான். நண்பன் விழுந்த இடத்தில் இப்போது சோடாப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

"அது சரி," என்றான். "உள்ளே எல்லோரும் துப்பாக்கி எங்கே, துப்பாக்கி எங்கே என்று மட்டும்தான் கேட்டார்கள். நான் என்ன கத்தினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை." பிறகு என்னிடம் திரும்பினான். "நான் கத்தாமல் இருந்திருந்தால் அவனுடைய கால் நன்றாக இருந்திருக்கும். இல்லையா? இப்போது வளைக்க முடியாமல் கிடக்கிறான். காரணம் நான்தானே?"

என்னிடம் விதி இருந்தது. துளைத்த குழல், அதை விற்றவன், பூட்டிய மையம், காருக்குள் இருந்த கை என்று முட்கள் எல்லாம் இருந்தன. ஆளை எழுதக் கூடாது என்று அவனுக்கு ஒழுங்காக விளக்கியிருக்கலாம். மேலங்கிப் பைக்குள் அந்தத் துண்டுப்பிரசுரம் என் விரல்களில் மடங்கிக்கொண்டிருந்தது.

"துவக்கினது நீ," என்றார் அம்மா அவனிடம், தமிழிலேயே. அவனுக்கு விளங்காது என்பது அவருக்குத் தெரியும். பிறகு ஜெர்மனில், "பால் தா," என்றார்.

அவன் குளிர்பெட்டியைத் திறந்து, முன்வரிசையை விலக்கி, பின்னாலிருந்து புதிய பெட்டி ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தான்.